ஓர் அடிக்கு ஒரு நூல்

இந்த இதழுக்குப் புதுக்கவிதையில் படிமம் தேய்ந்துபோனது பற்றி ஒரு கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். குறிப்புகள் எடுத்தேன். எழுதவில்லை. எட்டு மாதங்களாக இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் செய்துகொண்டிருந்தது ஒரு விமானம். மூன்றடி இறக்கை உள்ள, நிஜமாகவே பறக்கிற விமானம். விஷயம் தெரிந்த நண்பர்கள் இருவர். ஒருவர் சிரித்தார். மற்றவர் இது எதற்குக் குறியீடு என்று கேட்டார். சிரித்தவரே மேல் என்று பட்டது.

ரேடியோவால் இயக்குகிற வகை அல்ல இது. அதற்கு முந்தைய தலைமுறை. விமானத்தின் இடது இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வெளியே வருகின்றன. ஐம்பது அடி தள்ளி, வட்டத்தின் நடுவில் நிற்பவன் கையில் உள்ள பிடியில் அவை முடிகின்றன. இறக்கைக்குள் பெல்கிராங்க் என்று ஒரு சின்ன முக்கோணத் தகடு. மணிக்கட்டை நிமிர்த்தினால் ஒரு கம்பி இழுபடும், தகடு திரும்பும், வாலில் உள்ள எலிவேட்டர் தூக்கும், மூக்கு நிமிரும். கவிழ்த்தால் எதிர்மாறாக. ஸ்டண்ட் வகையில் இறக்கையின் பின்விளிம்பிலும் ஃப்ளாப் உண்டு. எலிவேட்டர் ஏறும்போது அது இறங்கும். அவ்வளவுதான் இயந்திரம். வேகத்தைக் கூட்டக் குறைக்க வழியில்லை. தொட்டியில் ஊற்றிய எரிபொருள் தீரும்வரை பறந்தே ஆகவேண்டும். நடுவில் நிற்பவன் ஐந்து வினாடிக்கு ஒரு சுற்று தானும் சுற்றிக்கொண்டிருக்கிறான். தலை சுற்றாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பார்வை விமானத்தின் மேலேயே இருக்கும்வரை சுற்றுவதில்லை. அதை விட்டுவிட்டுப் பக்கத்து வேப்பமரத்தைப் பார்த்தால் போயிற்று.

கம்பி இறுக்கமாக இருக்கும்வரை விமானத்துக்கு உள்ள இடம் ஐம்பதடி ஆரமுள்ள ஓர் அரைக்கோளத்தின் மேற்பரப்பு மட்டும். உள்ளே வரமுடியாது. வெளியே போகமுடியாது. அந்தக் கவிழ்த்த கிண்ணத்தின் தோல்மேல் வளையம், சதுரம், முக்கோணம், படுத்த எட்டு, நின்ற எட்டு, நான்கிலைப் பூ என்று கிறுக்கிக் காட்டவேண்டும். சர்வதேசப் போட்டியில் இத்தனைக்கும் ஏழு நிமிஷம். தளை என்ற சொல்லை வைத்து இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். யாப்பைப் பற்றி இப்படி உவமை சொல்லி நம்மவர்கள் எழுதியது போதும். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. கம்பி தளர்ந்தால் பிடி செத்துவிடும். ஆகவே விமானம் எப்போதும் வெளியே ஓடப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்காக எஞ்சினைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். வால் சுக்கானையும் அப்படியே. வெளி இறக்கை நுனிக்குள் ஒரு ஈயத்துண்டு. கம்பிகளின் கனத்தைத் தாங்க உள் இறக்கை வெளி இறக்கையைவிட ஓர் அங்குலம்வரை நீளம். வரைபடத்தைப் பார்க்கிற கண்ணுக்குக் கோணலாகத் தெரிவதெல்லாம் வேண்டுமென்றே செய்தது.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் தகராறு உண்டு. அமெரிக்காவில் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் ஜிம் வாக்கர் என்பவர் காப்புரிமை வாங்கி, 1940 வாக்கில் ஃபயர்பால் என்ற பெயரில் பெட்டிக்குள் அடைத்து விற்றார். அவருக்குச் சில வருஷம் முன்பே அதே மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் கம்பி கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார் என்பது வழக்கில் வெளிவந்து, 1955ல் வாக்கரின் உரிமை செல்லாது என்றாயிற்று. பிறகு 1950களின் தொடக்கத்தில் டெக்ஸாஸ்காரர் ஜார்ஜ் ஆல்ட்ரிச் வரைந்த நோப்ளர். ஃப்ளாப் வைத்த, தடித்த இறக்கையுள்ள அந்த விமானத்தின் சாயல் பின்னால் வந்த பாதி வரைபடங்களில் தெரிகிறது. என் கையில் உள்ளதிலும் தெரிகிறது. ஆனால் அது யார் வரைந்தது என்று தெரியாது. ஏதோ ஆங்கிலப் பத்திரிகையின் வரைபடம். பெயரும் வருஷமும் இருந்திருக்கவேண்டிய வலது கீழ்மூலை கிழிந்துவிட்டது. செம்புலப்பெயல்நீரார் போல, செய்ததிலிருந்துதான் இவருக்குப் பெயர் வைக்கவேண்டும். மாமா வீட்டில் அதற்குப் பெயர் 'மூலை போனது'.

மாமா, அம்மாவின் தம்பி, கணபதியில் ஒரு பவுண்டரியில் பேட்டன் ஷாப்பில் 1973ல் சேர்ந்தவர். கோயமுத்தூர் என்றால் மில் என்றுதான் வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். பம்ப்செட்டும் மோட்டாரும் வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து தருகிற ஆட்கள் பற்றி யாருக்கும் தெரியாது. தேக்கில் செதுக்கி, மூலைகளில் தோல் வைத்து வளைத்து, சாயம் பூசிய பேட்டனை மணலில் அழுத்தி எடுத்தால் மிஞ்சும் பள்ளத்தில்தான் இரும்பு போகும். வெளியே விற்கப் போவது இரும்பு. மரம் அலமாரிக்குத் திரும்பிவிடும். சிற்பம் என்றால் பல்லவர் காலத்தோடு முடிந்தது என்று நினைக்கிற நம் கலை விமர்சகர்கள் ஒருநாள் அந்த அலமாரிகளைப் போய்ப் பார்க்கலாம்.

பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது மாமாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. (அந்தப் பிரிவில் இன்றைக்கும் இதைச் சொல்லித்தருகிறார்கள். அகில இந்திய வாயு சைனிக் முகாமில் கம்பி விமானம் போட்டியாகவே நடக்கிறது.) 'மூலை போனதை' அவர் செய்தது 1984ல். பால்சா மரம் ஈக்வடாரிலிருந்து வரவேண்டும். 1991க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டில் அதற்கு எங்கே போவது? என்.சி.சி.யில் மிஞ்சிய துண்டுகளில் விலா எலும்புகள். வெளிநாட்டு மில் இயந்திரம் வந்த பெட்டியின் பைன் மரத்தில் நெடுஞ்சட்டம். மேலே போர்த்தியது அத்தையின் பழைய பட்டுச்சேலை என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அத்தை மறுக்கிறார். "பட்டமுட்ற காகிதங் கண்ணு அது. எஞ் சேலையக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பனா?" எஞ்சின் கல்கத்தாவில் செய்த அரோரா, இரண்டரை சி.சி., டீசல். பெயர்தான் டீசல். குடிப்பது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சமபாகம். கொட்டமுத்து எண்ணெய் எரிகிற அந்த வாடை ஒரு வாரம் சட்டையை விட்டுப் போகாது.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது அட்டாலியில் கிடந்தது. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்க இறக்கியபோது பின்உடலும் வாலும் ஃப்ளாப்களும் கரையான் தின்று தூளாக இருந்தன. இறக்கை மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. எஞ்சின் எண்ணெயில் உறைந்து கிடந்தது. ஈதரில் இரண்டு நாள் ஊறவைத்தால் விட்டுவிடும் என்றார் மாமா. விட்டது. மீதியை நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

நான் வங்கியில் கிளார்க். மாமாவின் கணக்கு என் கிளையில்தான். மூன்று வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். ஒரு மாதத் தொடக்கம், பென்ஷன் கூட்டம். அவர் நீட்டிய பணமெடுக்கும் படிவத்தில் கையெழுத்து எங்களிடமுள்ள மாதிரியோடு சேரவில்லை. இன்னொருமுறை போடச் சொன்னேன். மறுபடியும். மூன்றாவது தடவை, "ஸ்பெசிமன்ல இருக்கற மாதிரி போடுங்க மாமா" என்று சொன்னேன். வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்தார். பிறகு சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டோம். விதி அப்படித்தான். அதில் தவறில்லை. அரை நூல் பிசகாமல் நாற்பது வருஷம் கோடு இழுத்தவர் இடது பெருவிரலை மைப்பட்டையில் வைத்துவிட்டு, துடைக்க ஏதாவது தருகிறேனா என்று பார்த்தார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

பிறகு அவர் ஒருநாளும் அதைப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நூல் என்றேன். எங்கள் ஊர் மரவேலைக்காரர்களுக்கு அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். வரைபடத்தில் பதினாறில் ஒன்று என்று போட்டிருந்தால் மாமா அரை நூல் என்று படிப்பார். முப்பத்திரண்டில் மூன்று என்றால் முக்கால் நூல். ஆங்கிலம் தெரியாத மனிதர் அந்த ஆங்கில வரைபடத்தை என்னைவிட வேகமாகப் படித்தார். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம். 'வாஷ்அவுட்' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. இறக்கை நுனியைக் கொஞ்சம் முறுக்கிவிடுவது என்று அவர்தான் சொன்னார்.

இரண்டு மாதம் வேலை செய்தேன். இப்போது பால்சா கிடைக்கிறது. காசுதான். வரைபடத்தைப் பிரதி எடுத்து, பிரதியில் அளவு மாறியிருக்கிறதா என்று எழுதப்பட்ட எண்களோடு ஒப்பிட்டு, புது உடலையும் வாலையும் ஃப்ளாப்களையும் வெட்டினேன். கணக்கில் கெட்டி என்று பெயர் எடுத்தவன். எஃகு ஸ்கேல், புது பிளேடு. என் வேலையில் தப்பில்லை. ஆனால் பழைய இறக்கை புது உடலின் துவாரத்துக்குள் போக மறுத்தது. முக்கால் நூல் போலப் பிடித்தது. ஃப்ளாப்பை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரு நூலுக்கு மேல் சந்து. இறக்கையை முழுசாக அளந்தேன். வரைபடத்தில் முப்பத்தாறு அங்குலம். இறக்கை முப்பத்தாறும் மூன்று நூலும்.

மாமாவின் கை அப்போதே பிசகியிருக்கிறது என்றுதான் முடிவுகட்டினேன். அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததை மறைப்பானேன். ஒவ்வொரு விலா எலும்பையும் அளந்து, வரைபடம், மாமா, வித்தியாசம் என்று மூன்று பத்திகளில் பட்டியல் போட்டேன். எனக்குப் பட்டியல் பழக்கமானது. ஆறு வருஷம் முன்பு ஒரு நண்பர் மொழிபெயர்த்த கவிதைத் தொகுப்புக்கு இதே மாதிரிச் சிற்றேடு ஒன்றில் மதிப்புரை எழுதினேன். மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 23 பிழைகள். பலர் பாராட்டினார்கள். நண்பர் அதற்குப் பிறகு மொழிபெயர்க்கவில்லை. என்னோடு டீ குடிக்கவும் வரவில்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங் மாமா, இறக்கை மூணு நூல் பெருசா இருக்குதுங்களே?"

அவர் காகிதத்தை வாங்கி, தூரத்தில் பிடித்து, கை ஆடியதால் மடியில் வைத்துக்கொண்டு படித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி அத்தை தண்ணீர் கொண்டுவந்தார்.

"மூணடிக்கு மூணு நூல். செரியாத்தான் இருக்குது மாப்ள. அந்தப் பொட்டிய எட்றா."

பெட்டியில் உளி, இழைப்புளி, ஒரு எஃகு ஸ்கேல். பார்வைக்கு என் ஸ்கேல் மாதிரியே. பன்னிரண்டு அங்குலம், ஒவ்வொன்றிலும் எட்டு நூல். என் ஸ்கேலைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒரு முனையைச் சேர்த்து வைத்தேன். மறுமுனையில் அவருடையது ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு என்றால் அடிக்கு ஒரு நூல் கணக்கு. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் வேறு கணக்கு, வேறு ஸ்கேல். அந்தச் சுருக்கத்தை ஒவ்வொரு தடவையும் மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஸ்கேலையே நீட்டிச் செய்துவிடுகிறார்கள். அதில் ஓர் அடி என்று எழுதியிருப்பது ஓரடியும் ஒரு நூலும். பேட்டன்காரர் அதை வைத்து அளந்தபடியே வெட்டுவார். மரம் பெரிதாக இருக்கும். இரும்பு சரியாக இருக்கும். மாமா 1984ல் விமானத்தை அளந்ததும் அந்த ஸ்கேலில்தான்.

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரிஞ்சு என்ன பண்றது. பதனொரு வருசம் கையில இருந்தது அதுதான். எனக்கு அதுதான் அடி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தப்புத்தான். ஆனா எல்லாப் பக்கமும் ஒரே தப்பு. அது பறந்துச்சு. நீ பாதிய உன்ற ஸ்கேல்ல வெட்னா எப்படிச் சேரும்?"

என் பட்டியலில் 'வித்தியாசம்' என்ற பத்தியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணும் அதன் பக்கத்து எண்ணைத் தொண்ணூற்றாறால் வகுத்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. கணக்கில் கெட்டியான நான் அதை எழுதும்போது கவனிக்கவில்லை. பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதை வைத்து மொழிபெயர்ப்புக் கோட்பாடு ஒன்று சொல்லிவிடலாம் என்ற சபலம் எழுந்தது. அன்றிரவு நண்பரின் தொகுப்பைத் தேடி எடுத்து என் 23ஐயும் மறுபடி பார்த்தேன். பதினான்கு இன்றைக்கும் பிழைதான். மாற்றிக்கொள்ள இடமில்லை. ஒன்பது அப்படியல்ல. அவர் தொகுப்பு முழுவதும் ஒரே திசையில் மூலத்தைவிட ஒரு சுருதி தாழ்த்திப் பேசியிருக்கிறார். உரக்கச் சொன்னதையெல்லாம் பேச்சாக்கியிருக்கிறார். தமிழில் அது ஆறும்போது என்ன ஆகும் என்று அவருக்கு ஏதோ ஒரு கணக்கு இருந்திருக்கிறது. கணக்கு சரியா என்று வாதம் செய்யலாம். அதைத் தவறுதலாகச் செய்தார் என்று நான் எழுதியது பொய். இதை ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கவும் நியாயமில்லை. ஆகவே இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

இரண்டு மாத வேலையைப் போட்டுவிட்டு மாமாவின் ஸ்கேலில் உடலை மறுபடி வெட்டினேன். பலகையின் கனம் மட்டும் கடையில் கிடைப்பதுதான். அதை நீட்ட முடியாது. மாமாவும் அன்றைக்கு அதை நீட்டியிருக்கவில்லை. நடுவே பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து வீதியில் என்.சி.சி.யில் உள்ள கல்லூரிப் பையன் ஒருவன், என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டு ஈவிரக்கமில்லாமல் சொல்லித்தந்தான். பயிற்சி விமானங்கள் இரண்டை உடைத்தேன். இரண்டும் தலைகீழாகப் பறக்கும்போது. தலைகீழாகிவிட்டால் மேல் என்பது கீழ். பயம் வந்ததும் கை தானாகத் தூக்குகிறது. தூக்கினால் நேராகத் தரைக்குள். புத்திக்கு இது முதல் நாளே தெரியும். கைக்குத் தெரிய ஏழு வாரமாயிற்று.

சரவணம்பட்டிக்கு அப்பால் மனை பிரித்துப் போட்டு இன்னும் வீடு எழும்பாத ஒரு லே-அவுட்டில் பறக்கவிட்டோம். மின்கம்பி இல்லாத இடமாகத் தேடுவதுதான் பெரிய வேலை. கையில் இருப்பது எஃகு. எல்லைக்கல்கள் மட்டும் அங்கங்கே. விடியற்காலை, காற்றில்லை. சூலூர்ப் பக்கம் தேஜஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. 2018லிருந்து அவை அங்கேதான். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து, எஞ்சினை நான் திருகுவது சரியில்லை என்று அங்கிருந்தே சொன்னார். "எறுக்கு. இன்னம் எறுக்கு. செத்த விடு." பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு தடவை நான் பறக்கவிட்டேன். வளையம் ஒன்று, படுத்த எட்டு என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று. கம்பி கையை இழுத்த இழுப்பு ஒருநாளும் தளரவில்லை.

மூன்றாவதுக்கு எரிபொருள் ஊற்றும்போது மாமா எழுந்து வந்தார். வந்து வட்டத்தின் நடுவில் நின்று கையை நீட்டினார். பிடியைக் கொடுத்தேன். தலை சுற்றினால் பிடித்துக்கொள்ள அவருக்குப் பின்னால் நெருங்கி நின்றுகொண்டேன். பையன் விமானத்தை விட்டான்.

அவர் வளையம் எதுவும் போடவில்லை. தோள் உயரத்தில் மட்டமாக வைத்திருந்தார். மட்டமாக என்றால், மணிக்கட்டிலிருந்த நடுக்கம் கம்பி வழியாகப் போய், எலிவேட்டரில் ஏறி, விமானம் சன்னமாக அலைபாய்ந்துகொண்டே போயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதே அலை. நான் அவர் முதுகோடு சேர்ந்து சுற்றினேன். அவருக்குத் தலை சுற்றவில்லை. எனக்குச் சுற்றியது. நான் விமானத்தைப் பார்க்கவில்லை.

எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றது. சத்தமில்லாமல் இன்னும் அரைச் சுற்று மிதந்து இறங்கி, ஓடி, எல்லைக்கல் ஒன்றில் இடித்து இடது சக்கரம் கழன்றுகொண்டது. மாமா பிடியை என்னிடம் தரவில்லை. கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

"எத்தன சுத்து?" என்றார்.

நான் எண்ணவில்லை.